நிழல் விழாத திரைகளுக்காக

இன்று இணையப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கு நிழல் வேண்டுமென்றால் சிஎஸ்எஸ்ஸில் பாக்ஸ்-ஷேடோ என்று ஒரே ஒரு வரி போதும். பக்கவாட்டில் எவ்வளவு, கீழே எவ்வளவு, எத்தனை மங்கல், என்ன நிறம் என்று சொல்லிவிட்டால் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எல்லாவற்றிலும் நிழல் விழுந்துவிடும்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் நிழல் என்றால் படம்தான். போட்டோஷாப்பில் நிழலோடு ஒரு பெட்டி வரைந்து, நான்கு மூலை, நான்கு ஓரம், நடுப்பகுதி என ஒன்பது துண்டாக நறுக்குவோம். அவற்றை அட்டவணைக் கட்டங்களிலோ ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய டிவ்களிலோ பின்னணியாக வைப்போம். பக்கத்தின் நிறத்தை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால் ஒன்பதையும் மறுபடி நறுக்க வேண்டும். 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, பிஎன்ஜி படத்தின் பாதி ஒளிபுகும் பகுதிகளைச் சரியாகக் காட்டாது. அதனால் நிழலைப் பக்கத்தின் நிறத்தோடு கலந்தே வரைய வேண்டியிருந்தது. ஆல்பாஇமேஜ்லோடர் என்ற ஃபில்டர் அதைச் சரிசெய்யும். ஆனால் அதில் போட்ட படத்தை நீட்டலாமே தவிர, ஓரம் நெடுகத் திரும்பத் திரும்ப அடுக்க முடியாது.

படமே இல்லாமல் செய்யவும் அந்த உலாவியில் ஷேடோ, டிராப்ஷேடோ என்று இரண்டு ஃபில்டர்கள் இருந்தன. ஷேடோவுக்கு நிறம், திசை, அழுத்தம் கொடுக்க வேண்டும். திசை 135 என்றால் நிழல் வலப்பக்கம் கீழே விழும். பெட்டிக்குப் பின்னணி நிறம் கொடுக்காமல் விட்டால் நிழல் உள்ளே இருக்கும் எழுத்துகளுக்குப் போய்விடும். ஃபில்டர் போட்ட இடத்தில் எழுத்துகளின் விளிம்பும் பிசிறடிக்கும்.

எழுத்துக்கு நிழல் தரும் விதி 1998இல் சிஎஸ்எஸ் 2இலேயே இருந்தது. உலாவிகள் அதை நிறைவேற்றாததால் 2.1 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பிறகு மூன்றாம் தலைமுறையில் திரும்பி வந்தது. பெட்டி நிழலை 2009இல் பயர்பாக்ஸ் 3.5 மோஸ் என்ற முன்னொட்டோடு ஏற்றது. சஃபாரிக்கும் குரோமுக்கும் வெப்கிட் முன்னொட்டு. ஒரே நிழலை மூன்று வரியாக எழுதுவோம். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பெட்டி நிழல் 2011இல் ஒன்பதாம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்காக சிஎஸ்எஸ்3 பை என்ற கோப்பு 2010இல் கிடைத்தது. விஎம்எல் என்ற வரைகலை மொழியின் வடிவங்களால் அது நிழலை வரைந்து காட்டியது.

இத்தனை வழிகளையும் கற்றபின் எங்களில் பலர் வந்து சேர்ந்த முடிவு எளிமையானது: பழைய உலாவிக்கு நிழலே வேண்டாம். பெட்டியைச் சுற்றி ஒரு பிக்சல் சாம்பல் கோடு போட்டுவிட்டு, முடிந்த உலாவிக்கு மட்டும் நிழலைச் சேர்ப்போம். அலுவலகக் கணினியில் உலாவியை மாற்ற அனுமதியில்லாதவர் படிவம் நிரப்பத்தான் வருகிறார். பெட்டி எங்கே தொடங்குகிறது, பொத்தான் எது என்று அவருக்குத் தெரிந்தால் போதும். அந்தக் கோடு அவருக்கு நாங்கள் காட்டிய மரியாதை என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்று விண்டோஸ் 10இன் பெரும்பாலான பதிப்புகளில் முடிந்தது. இனி அந்தக் கோடு எதற்கு என்று நினைத்து, வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை அட்டையை வைத்து நிழலை மட்டும் நம்பும் வடிவமைப்புகள் பெருகிவிட்டன. ஆனால் பார்வை குறைந்தவர்கள் விண்டோஸில் உயர்-மாறுபாட்டு நிறங்களை வைத்துக்கொள்கிறார்கள். அப்போது புத்தம்புதிய உலாவியும் பெட்டி நிழலை நீக்கிவிடுகிறது, விதியே அப்படித்தான். அட்டையின் எல்லை காணாமல் போகிறது. விசைப்பலகையால் நகர்பவருக்குத் தான் எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்பதை நிழலால் மட்டும் காட்டியிருந்தால், அதுவும் மறைந்துவிடுகிறது.

இதற்கு மாற்று, ஒளிபுகும் நிறத்தில் ஒரு பிக்சல் கோடு. சாதாரணத் திரையில் அது கண்ணுக்குத் தெரியாது. உயர்-மாறுபாட்டில் உலாவியே அதற்கு நிறம் கொடுத்துவிடும். பொத்தானுக்கும் இதேபோல் ஒளிபுகும் அவுட்லைன் ஒன்றை வைக்கலாம். நிழலை ஆசையோடு போடுங்கள், அதன் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை எடுத்துவிட்டால் பக்கம் புரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.