செம்பவாங்குல பனி கொட்டுமாடா, பேராண்டி?

ஏண்டா பேராண்டி, செம்பவாங்குல வாடகைக்கு வீடு பாத்தாச்சு, சந்தோசம். சன்னலைத் தொறந்தா கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூர் தெரியுதுன்னே, அதுவும் சந்தோசம். "வடக்குக் கரையாச்சே தாத்தா, டிசம்பர்ல குளிர் எப்படி இருக்கும்?"னு கேட்டே பாரு, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிப் போச்சு. கேட்டதோட விட்டியா? முஸ்தபா கடைக்குப் போயி கம்பளிக் குல்லாயும் கையுறையும் வாங்கியாந்துட்டே. அங்க அதெல்லாம் விக்கிறாங்கதான். அது கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் டூர் போற சனத்துக்குடா, ஈசூனைத் தாண்டிப் போறவனுக்கு இல்லை.

வடக்கு வடக்குன்னு மெரட்டாதே. இந்தச் சிங்கப்பூர்த் தீவுல தெக்குக் கரைக்கும் வடக்குக் கரைக்கும் நடுவுல 30 கிலோமீட்டர் கூடக் கெடையாது. மன்னார்குடியிலேர்ந்து தஞ்சாவூர் போறதுக்கே அதைவிடக் கூட ஆகும். பூமத்திய ரேகை செம்பவாங்குலேர்ந்தே 160 கிலோமீட்டர்தான். வடக்குன்னு பேர் வச்சுக்கிட்டதுக்காக இமயமலை வந்து உட்லண்ட்ஸ்ல குந்திக்காது.

குளிர்க் கணக்கையும் கேட்டுக்கோ. 1934 ஜனவரி கடைசியில இங்க 19.4 டிகிரிக்கு எறங்கினதா ஏட்டுல இருக்கு. இப்பல்லாம் மழை புடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு நாள் வெயில் தலைகாட்டலைன்னா 22, மிஞ்சிப்போனா 21ன்னு எறங்கும். மத்த நாள்ல ராத்திரிக்கு 24, பகலுக்கு 30 சொச்சம். நம்ம ஊர் மார்கழி விடியக்காலத்துல அதே 21 டிகிரியில உங்க அப்பாயி வாசத் தெளிச்சு, குனிஞ்ச தலை நிமிராம கோலம் போட்டு, நடுவுல பூசணிப்பூவும் வச்சுட்டு வருவா. குல்லாயும் இல்லை, கையுறையும் இல்லை. இங்க 22ன்னதும் ஆபீஸ் போற சனம் போனைத் தூக்கி அந்த நம்பரைப் படம் புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புது.

அந்தச் சில்லுப்பு எங்கேருந்து வருதுன்னு தெரியுமா? சைபீரியாவுலேர்ந்து. அங்க உறைஞ்சு கனத்துப்போன காத்து தெக்கே எறங்கி, சீனாவைக் கடந்து, தென்சீனக் கடல் மேல வருது. கடலோ வெதுவெதுன்னு கெடக்கு. வர்ற வழியெல்லாம் காத்து சூடேறிக்கிட்டு, ஈரத்தையும் அள்ளிக்கிட்டு, நம்ம தலைக்கு மேல வந்து மூட்டையை அவுக்குது. நம்ம வாசலுக்கு வந்து சேர்றப்போ அதுகிட்ட மிச்சம் இருக்குறது தண்ணிதான். மேகம் சூரியனை மறைக்குது, மழை நம்மளை நனைக்குது, நாம அதுக்குக் குளிர்காலம்னு பேர் வைக்கிறோம். வானிலை ஆய்வகத்துல இதை மான்சூன் சர்ஜுங்கிறாங்க. ஒரு பருவத்துக்கு ரெண்டுலேர்ந்து நாலு தடவை வரும். வந்தா ஒருநாளும் இருக்கும், அஞ்சு நாளும் டேரா போடும். சொல்லாம வர்ற விருந்தாளியும் இல்லை, முன்கூட்டியே சொல்லிடுவாங்க. நீதான் அந்நேரம் ஸ்வெட்டர் வெலையைப் பாத்துக்கிட்டிருப்பே.

கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லைம்பாங்க. அந்தக் கணக்கை இங்க கொண்டாந்தேன்னா நனைஞ்சு போவே. அங்கயும் இங்கயும் அதே வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கத்தை நனைச்சுட்டு, மெல்லத் தெக்கே நகந்து மார்கழி தையில இங்க வந்து உக்காரும். டிசம்பர்தான் இங்க வருசத்துலயே மழை கூடுன மாசம், சராசரி 330 மில்லிமீட்டர். ஊர்ல குடையை மடக்கி மூலையில சாத்துற நாள்ல இங்க குடையை விரிக்கணும்.

அது எப்படிப் பெய்யும்னு கேக்குறியா? 2025 ஜனவரி 10, 11ஐ எடுத்துக்கோ. ரெண்டு நாள் முடியுறதுக்குள்ள சாங்கிப் பக்கம் 255 மில்லிமீட்டர் கொட்டிடுச்சு. ஜனவரி மாசம் முழுக்கச் சேத்தாலே சராசரி 222தான். சம்பளம் வந்த ரெண்டாம் நாளே பையைக் காலி பண்ற ஆளு நீ ஒருத்தன்தான்னு நெனச்சிருந்தேன், வானமும் உன் வகையறாதான்.

இதுவே சின்ன மழைங்கிற ஆளுங்க இருக்காங்க. 1978 டிசம்பர் 2ஆம் தேதி பாய லேபார்ல ஒரே நாள்ல 512.4 மில்லிமீட்டர். வீடு வாசல் முங்கி, உசுரும் போச்சு. 2001ல இன்னொரு கூத்து. பூமத்திய ரேகைக்கு இத்தனை கிட்டத்துல சூறாவளி உருவாகாதுன்னுதான் படிச்சவங்க அதுவரைக்கும் நெனச்சிருந்தாங்க. டிசம்பர் 27ஆம் தேதி வாமெய்னு ஒண்ணு, வட அட்சரேகை ஒண்ணரை டிகிரிக்குள்ளயே கெளம்பி, ஜொகூர்ல கரையேறுச்சு. நீ படிச்ச புத்தகத்தை அது படிக்கலை, என்ன பண்றது?

அதனால மொதப் புத்திமதி இதான். குளிரைத் தேடாதே, தண்ணியைப் பாரு. நான் தெனம் உக்காந்து தே குடிக்கிற தேக்காவையே எடுத்துக்கோ. ஒரு காலத்துல இது மாட்டு வியாபாரம் நடந்த பூமி. பஃபலோ ரோடுன்னு பலகை இன்னும் நிக்குது. ரோச்சோர் ஆத்துத் தண்ணியையும் புல்லையும் பாத்துத்தான் மாட்டுக்காரங்க இங்க வந்து கொட்டில் போட்டாங்க. எருமைக்குப் புடிச்ச எடம்னா தண்ணி தேங்குற எடம்னு அர்த்தம். இன்னைக்குக் கால்வாயை அகலப்படுத்தி, பூமிக்கடியில தொட்டி கட்டி, பொதுப் பயனீட்டுக் கழகத்துக்காரங்க எவ்வளவோ செஞ்சிருக்காங்க. ஆனாலும் வானம் பொத்துக்கிட்டு ஊத்துற அன்னைக்கு, பள்ளத்துல நிக்கிற காருக்கு நீச்சல் தெரியாது. சாக்கடை ஓரமா நின்னு வெள்ளத்தைப் படம் எடுக்குற வேலையெல்லாம் வச்சுக்காதே. பெரிய கால்வாய்ல தண்ணி ஏறுற வேகம் உன் வைஃபையைவிடக் கூட.

ரெண்டாவது, வானிலை அறிக்கை படிக்கக் கத்துக்கோ. ஆய்வகத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா முன்னறிக்கை விடுவாங்க. பெரும்பாலான நாள்ல பிற்பகலுக்கு மேல தீவுல சில எடங்கள்ல இடியோட மழைன்னு அதுல இருக்கும். அந்த வரியைப் படிச்சுட்டுப் பூரிச்சுப் போகாதே. அது என் வாயில வந்தாலும் பலிக்கும். நீ கண்ணு வச்சுப் பாக்கவேண்டியது வேற. விட்டு விட்டுப் பெய்யாம தொடர்ந்து மழை, காத்தும் பலமா இருக்கும்னு ரெண்டும் சேந்து வந்துச்சுன்னா சர்ஜ் கெளம்பிடுச்சுன்னு வச்சுக்கோ. அப்புறம் ரெண்டு மணி நேரக் கணிப்புன்னு ஒண்ணு போன்லயே வட்டாரம் வட்டாரமா வரும். செம்பவாங்குக்குன்னு தனியா மேகம் வரைஞ்சிருக்கும். பக்கத்துல ஈசூனுக்கு வேற மேகம் இருக்கும். சில நாள்ல ரெண்டும் சரியாவே இருக்கும்.

சர்ஜ்னு தெரிஞ்சா அன்னைக்குத் துணி தோய்க்காதே. இது வேதவாக்கு. பத்தாவது மாடியில மூங்கில் கழியில துணியைக் கோத்து வெளியே நீட்டிட்டு ஆபீஸ் போனியோ, சாயங்காலம் உன் கைலி எட்டாவது மாடிச் சீனப் பாட்டி வீட்டுல இருக்கும். அதுவும் ஒரு வகையில நல்லதுதான், அக்கம்பக்கத்துல பழக்கம் இப்படித்தான் உண்டாகுது. உள்ள காயப்போட்டா ஜீன்ஸ் மூணு நாள் ஆனாலும் இடுப்புப் பட்டியில ஈரம் போகாது. ஃபேனை அது பக்கம் திருப்பி வச்சா நீ வேர்த்துக்கிட்டுத் தூங்கணும். உன் பக்கம் திருப்பி வச்சா வீடே ஊறப்போட்ட சாக்கு வாடை அடிக்கும். அந்த மூணு நாள்ல புருசன் பொண்டாட்டிக்குள்ள நடக்குற பேச்சுவார்த்தைக்கு எந்த ஆய்வகமும் கணிப்பு வெளியிட்டதில்லை.

இவ்வளவு சொன்னதுக்கப்புறமும் குளிருதுன்னு அடம் புடிக்கிறியா? உன் வீட்டுக்குப் பக்கத்துலயே வைத்தியம் இருக்கு. செம்பவாங் வெந்நீர் ஊத்து. பூமிக்குள்ளேருந்து 70 டிகிரியில பொங்கி வருது. 1909ல ஒரு வெள்ளைக்கார அதிகாரி கண்டுபுடிச்சாருன்னு எழுதி வச்சிருக்காங்க. ஊத்துக்குப் பக்கத்துல குடியிருந்தவன் அதுக்கு முன்னாடி கால் நனைக்காமயா இருந்திருப்பான்? எழுதத் தெரிஞ்சவன் பாத்தாத்தானே கண்டுபுடிப்பு. பிரேசர் அண்ட் நீவ் கம்பெனி அந்தத் தண்ணியை பாட்டில்ல அடைச்சும் வித்துது. 2020ல பூங்காவாத் திருத்தித் தொறந்தாங்க. சனம் வாளியோட போயி முட்டை வேகவச்சுத் திங்குது. நீயும் போ. ஆனா ஞாபகம் வச்சுக்கோ, கால் முக்குற எடத்துல முட்டையைப் போடாதே, முட்டை வேகுற வாளியில காலை விடாதே.

நெசமான குளிர்காலம் இந்த ஊர்ல சுவத்துக்கு உள்ளதாண்டா இருக்கு. வருசம் பன்னெண்டு மாசமும் இருக்கு. லீ குவான் யூ ஏர்கானைப் பெரிய கண்டுபுடிப்புன்னு கொண்டாடுனவர். பிரதமரானதும் அரசாங்க ஆபீஸ்கள்ல அதை மாட்டவச்சாரு. அவரு அதைச் செஞ்சது சனம் சுணங்காம வேலை பாக்கணும்னு. நீங்க என்னடான்னா ஆளாளுக்கு நாக்காலியில ஒரு சால்வையைத் தொங்கவிட்டுட்டு, போத்திக்கிட்டு டைப் அடிக்கிறீங்க. 25 டிகிரியில வையுங்கய்யான்னு சுற்றுப்புற வாரியம் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போச்சு. காலையில 23 டிகிரி மழையில "ஐயோ குளிரு"ன்னு நடுங்குறே, ஒம்பது மணிக்கு 20 டிகிரி அறைக்குள்ள காசு குடுத்துப் போயி உக்காந்துக்கிறே. உன்னைச் சொல்லிக் குத்தமில்லை, அந்த ரிமோட் யார் கையில இருக்கோ அவனைத்தான் சைபீரியாவுக்கு அனுப்பணும்.

குளிருற ஆளை நான் காட்டுறேன், வா. மழை நாள்ல விடியக்காலம் ஆறு மணிக்கு உட்லண்ட்ஸ் ரோட்டோரம் நின்னு பாரு. டார்மிட்டரியிலேர்ந்து சைட்டுக்கு லாரி போகும். பின்னாடி நம்ம பட்டுக்கோட்டைப் பையனும் இருப்பான், பங்களாதேஷ்காரனும் இருப்பான். முழங்காலைக் கட்டிக்கிட்டு, சாப்பாட்டுப் பொட்டலம் நனையாம மடியில அமுக்கிக்கிட்டு, லாரி போற வேகத்துல காத்து காதை அறுக்க உக்காந்திருப்பான். கூரை போட்ட லாரியில ஆள் ஏத்துனா மழைத்தடுப்பும் மாட்டியிருக்கணும்னு 2023 ஜனவரியிலேர்ந்து விதி வந்துருக்கு. நல்ல விதி. அதுக்கு முன்னாடி எத்தனை மார்கழி நனைஞ்சுக்கிட்டே போச்சுன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ, நீதான் ஐ.டி.யாச்சே. அந்தப் பையன் டிகிரியைப் படம் புடிச்சுப் போடுறதில்லை. ஞாயித்துக்கிழமை சிராங்கூன் ரோட்டுல பாத்து, "மழை எப்படிப்பா?"ன்னு கேட்டா, "ஊர்ல நல்லாப் பெஞ்சுச்சாம் ஐயா, ஏரி ரொம்பிடுச்சாம்"பான். நான் கேட்டது இந்த ஊர் மழையை. அவன் முதுகுல விழுற இந்த மழையை அவன் கணக்குலயே சேக்கிறதில்லை. அவன் பக்கத்துல நிக்கிறப்போவாவது உன் குளிர் புராணத்தைக் கொஞ்சம் மெல்லப் பேசு.

பொங்கலுக்கு வா, கேம்பல் லேன்ல கரும்பும் பானையும் வந்து எறங்கியிருக்கும், தெரு முழுக்க விளக்கு எரியும். சூரியனுக்கு நன்றி சொல்ற பண்டிகைக்குச் சூரியன் லீவு போட்டாலும் போடும், நாம பொங்கல் வைக்காம இருக்கப்போறதில்லை. தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயில்லேர்ந்து தேங்க் ரோடு வரைக்கும் வெறுங்கால்ல காவடி தூக்குறவனைக் கேளு. தாரு ரோடு நனைஞ்சு கெடந்தா அது முருகன் கருணைம்பான். உனக்குச் சளி புடிக்கிற மழை அவனுக்கு அருள்.

அப்புறம் மாசி வரும். அதே வடகிழக்குக் காத்துதான் வீசும், ஆனா பை காலி. பிப்ரவரிதான் இங்க மழை கொறைஞ்ச மாசம். 2014 பிப்ரவரியில சாங்கியில மாசம் முச்சூடும் 0.2 மில்லிமீட்டர்தான் விழுந்துச்சு. புல்லெல்லாம் வைக்கோலாகி நின்னுச்சு. மாசி வந்ததும் நீ எனக்குப் போன் போட்டு, "என்ன தாத்தா, இப்படி வெயில் பொசுக்குது, மழையே இல்லையே"ம்பே. நானும் "அட, ஆமாண்டா"ன்னு ஆச்சரியப்பட்டுக்கிறேன்.

ஆக, உன் செம்பவாங் குளிர்காலத்துக்கு என் முன்னறிக்கை இது. டிசம்பர்ல ரெண்டு மூணு தடவை வானம் விடாம அழும். ஜனவரியிலயும் அழும். நடுவுல நடுவுல சூரியன் எட்டிப் பாக்கும், உடனே துணி தோய்ச்சுடு. தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கின லெதர் செருப்பை பீரோவுல பூட்டு, ரப்பர் செருப்பு வாங்கு. காத்து அடிக்கிற அன்னைக்கு மலிவுக் குடை மேல்பக்கம் மடங்கிக் காறித் துப்பும், நாலு காசு கூடப் போட்டு நல்ல குடையா வாங்கு. வாங்குறதுதான் வாங்குறே, ரெண்டா வாங்கு. வர்ற ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு வர்றப்போ ரெண்டையும் எடுத்துக்கிட்டு வா. மழை எப்ப வரும்னு தெரிஞ்சவன் நானு, நான் எதுக்குக் குடையைத் தூக்கிக்கிட்டு அலையணும்?