பாதுகாப்பு வார நாடகத்தில் பீமனுக்குக் கதாயுதம் கொடுப்பது எப்படி?

மார்ச் 4 நெருங்கிவிட்டது. தேசியப் பாதுகாப்பு கவுன்சில் 1966-ல் அன்றுதான் தொடங்கப்பட்டது. அதனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் கொடியேற்றம், உறுதிமொழி, கூடவே நாடகம். உங்கள் நாடகத்தில் பீமனும் துரியோதனனும் ஹெல்மெட் இல்லாமல் மோதுகிறார்கள். ப்ராப்பர்ட்டி பொறுப்பு உங்கள் தலையில். வாழ்த்துகள்! போன வருஷம் செய்ததையே இன்னும் கொஞ்சம் ஈடுபாட்டோடு செய்யுங்கள்.

1. பட்டியல் போடாதீர்கள். லைனில் எட்டு எம்எம் போல்ட்டுக்குக்கூட பார்ட் நம்பர் உண்டு, ரேக் உண்டு, குறைந்தால் கான்பான் கார்டு உண்டு. கதாயுதத்துக்கு எதற்கு அதெல்லாம்? "பார்த்துக்கலாம் சார்" போதும்.

2. மார்ச் 3, செகண்ட் ஷிப்ட் முடிந்ததும் ஆரம்பியுங்கள். ஸ்கிராப் யார்டில் பேக்கிங் தெர்மோகோல் கிடைக்கும். உருண்டையாகச் சீவி, தங்கக் கலர் ஸ்ப்ரேயை நேராக அடியுங்கள். தெர்மோகோல் கரைந்து அம்மைத் தழும்பாகும். முதலில் ஒரு கோட் வாட்டர் பெயின்ட் பூசினால் கரையாது என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்ததையெல்லாம் செய்ய ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்?

3. கைப்பிடிக்கு ஜி.ஐ. பைப். ஓங்கும்போது தலை கழன்று ஹெச்.ஆர். மடியில் விழும், பைப் மட்டும் பீமன் கையில் நிற்கும். பாதுகாப்பு வாரத்துக்கு இதைவிடச் செய்முறை விளக்கம் ஏது?

4. கிரீடத்தை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். காஞ்சிபுரம் பக்கம் ஒரு கட்டைக்கூத்துக் குழுவிடம் இரவல் வாங்குங்கள். கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் பதித்த கிரீடம், ஜோடியாகப் புஜக்கட்டை. அவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுத் தலையில் வைப்பார்கள். விடிய விடிய ஆடிய களைப்பிலும் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டுத்தான் டீ குடிப்பார்கள். அந்தப் பழக்கமெல்லாம் உங்களுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது. கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட்டில் போட்டு, மேலே டிபன் பையை வையுங்கள். சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் நாலு சில்லு உதிர்ந்துவிடும். பூட்ஸ் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளுங்கள்.

5. கேட்டில் பதியாமல் கிரீடத்தை உள்ளே கொண்டுபோங்கள். வெளியே எடுக்கும்போது செக்யூரிட்டி, "கம்பெனி மெட்டீரியலா?" என்பார். துரியோதனனுடையது என்று சொல்லிப் பாருங்கள்.

6. நாடகத்தன்று மேசை போட்டு, சாக்பீஸால் இடம் குறித்து, ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் வைப்பதெல்லாம் நாடகக்காரர்கள் வேலை. நீங்கள் கதாயுதத்தை நடைபாதையின் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே சாய்த்து வையுங்கள். 5எஸ் ஆடிட்டர் வருவார். தேவையற்ற பொருள் என்று சிவப்பு டேக் மாட்டி, எடுத்த ஸ்கிராப் யார்டுக்கே திருப்பி அனுப்புவார்.

7. பீமன் மேடையேறி, பின்னால் கை நீட்டுவார். பதறாதீர்கள். தூணில் மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றிக் கொடுங்கள். நல்ல கனம், கைப்பிடியும் உண்டு. பின்னைப் பிடுங்கிக் கொடுத்தால், கைப்பிடியை அழுத்தியதும் புகையும் வரும். கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

8. கிரீடத்தை உங்கள் லாக்கரில், சேஃப்டி ஷூவுக்கு அடியில் பத்திரப்படுத்துங்கள். பங்குனி பிறக்கும், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கும். கூத்து வாத்தியார் போன் செய்வார்: "தம்பி, நாளைக்குப் படுகளம், துரியோதனனுக்குக் கிரீடம் வேணுமே."

ஷிப்ட்டில் இருப்பதாகச் சொல்லுங்கள்.