பொந்து காட்டுகிறவர்

முன்பு வெளிநாட்டுப் பிள்ளைகள் வீடியோவில் கார் காட்டினார்கள், பிறகு வீடு காட்டினார்கள், மாரியில் பனி காட்டினார்கள். சிலந்தி வளர்க்கிற லண்டன் பிள்ளை பொந்து காட்டுகிறார்.

வெறும் பொந்து. அவர் வளர்ப்பது மண்ணைக் குடைந்து உள்ளே வாழும் பெருஞ்சிலந்தி. மியன்மார், தாய்லாந்துப் பக்கத்து நீலக்கால் சாதி. பகலில் வெளியே வராது. இரவில் வாசலில் கால்நுனியை வைத்துக்கொண்டு இரையின் அதிர்வுக்குக் காத்திருக்கும். ஆள் நடந்தால் உள்ளே ஓடிவிடும். காணப்படக் கூடாது என்றே பிறந்த சீவனைத்தான் ஞாயிறுதோறும் அவர் எங்களுக்குக் காட்டுகிறார். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைக்குத் தண்ணி மாறிவிட்டுக் களைத்து வந்து குந்துகிற அவரின் தாயின் கைபேசியில் அந்தக் கண்ணாடிப் பெட்டி நிறைந்து நிற்கும்.

"அம்மா, பாருங்கோ, இப்ப வாசலுக்கு வருது."

"மண்ணெல்லோ தெரியுது தம்பி."

"மண் இல்லையம்மா, உது தும்புத்தூள். வடிவாப் பாருங்கோ."

"நீ சாப்பிட்டியோ?"

"உஸ்! சத்தம் போடாதேங்கோ, அதுக்கு அதிர்வு பிடியாது."

நீர்வேலியில் கதைத்தால் லண்டனில் சிலந்தி அதிருமென்று நம்பி அந்த மனுசி வாயைப் பொத்திக்கொள்ளும். தேத்தண்ணி ஆறும். பெட்டியின் ஈரப்பதம் வாசிக்கப்படும். ஒரு கால் அசைந்ததாக அறிவிக்கப்படும். அங்கே இருக்கும் ஒருவரும் காணவில்லை என்றாலும் "ஓமோம், கண்டனாங்கள்" என்று ஒரே குரலில் சொல்லுவோம். சொன்னால்தான் அழைப்பு முடியும்.

அந்தத் தும்புத்தூள் இலங்கையிலிருந்து போனது என்று பொதியிலேயே எழுதியிருக்கிறதாம். நாங்கள் அடுப்புக்குள் தள்ளுகிற பொச்சு அங்கே பவுணுக்கு விலைப்படுகிறது. தீனிக்குக் கரப்பானும் காசு கொடுத்து வாங்குகிறாராம்.

தோல் கழற்றும் காலத்தில் எங்கள் சோதனை இரட்டிக்கும். சிலந்தி வாசலை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். அப்போதும் காட்டுவார். முன்பு திறந்த பொந்து, இப்போது மூடிய பொந்து. "இது பெட்டை அண்ணை, கன வருசம் இருக்கும்" என்று பெருமை வேறு. அவுஸ்திரேலியாவில் இதன் தூரத்துச் சொந்தமான ஒரு கதவுச் சிலந்தி, பதினாறாம் இலக்கமென்று ஆய்வாளர் பேர் வைத்தது, 43 வயதுவரை ஒரே பொந்தில் இருந்து 2016இல் செத்தது என்றும் அவர்தான் சொன்னார். 43 வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை நினைக்க எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, விசயம் தெரிந்த பிள்ளை. கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் வாட்டும் என்று தெரிந்து கையில் எடுத்து வித்தை காட்டுவதில்லை. போன திருவிழாவுக்கு வந்தவர் சாமி பார்த்ததைவிடப் பனங்கூடலுக்குள்ளும் பழைய கூரைகளுக்குள்ளும் டோர்ச் அடித்துத் திரிந்ததே கூட. புலிமுகச் சிலந்தி என்றால் விளக்குமாற்றைத் தூக்குகிற எங்கள் ஊரில் "அடியாதேங்கோ" என்று குறுக்கே நின்ற ஆளை அன்றுதான் கண்டேன். மாங்குளத்தில் 2009இல் ஊரார் அடித்துக் கொண்டுவந்த அப்படியொரு புலிமுகச் சிலந்தியைப் பார்த்துத்தான் தேடல் தொடங்கி, 2012இல் அது உலகத்துக்கே புதிய இனமென்று எழுதப்பட்டது. கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர். அந்தப் பேரினம் முழுவதும் 2019இல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் பட்டியலில் ஏறியது, அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஏலாது என்பதையும் அவரே எங்கள் பெடியளுக்குப் படிப்பித்தார். இதிலெல்லாம் நியாயம் அவர் பக்கம்தான்.

ஆனால் சிலந்தியை அதன்பாட்டில் விடத் தெரிந்தவருக்குத் தாயை விளங்கவில்லை. கண்ணில் வெள்ளை படர்ந்த மனுசி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்க நினைப்பது தும்புத்தூளை இல்லை. மகன் மெலிந்துபோனானோ, தாடி வழித்தானோ, கண் உறக்கம் கெட்டிருக்கோ என்று பார்க்கத்தான் அவ கிழமை முழுக்கக் காத்திருக்கிறா. அழைப்பு முடிந்தபிறகு "தம்பியின்ர முகம் தெரிஞ்சதோ?" என்று எங்களிடம் கேட்கிறா. நாங்கள் என்ன சொல்ல?

கமெராவைத் திருப்புகிற பொத்தான் திரையிலேயே இருக்கிறது தம்பி. வாற ஞாயிறு அதை ஒருக்கால் அமத்துங்கோ.