பார்வை திரும்புமா?

கேள்வி: அப்பாவுக்குப் பிட்யூட்டரியில் கட்டி. பசார் போனால் பக்கத்தில் நிற்பவர் மேலெல்லாம் இடிக்கிறார். ஆப்பரேஷனுக்குப் பிறகு பார்வை திரும்புமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?
- ஒரு மகள், லகாட்

பதில்: ஓரளவு முடியும். அதற்காக நாலு நம்பர் சொல்லும் சாமியாரிடம் போய்விடாதீர்கள்!

இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்தைக் கட்டி கீழிருந்து அழுத்துகிறது. அதனால்தான் அப்பாவுக்கு எதிரே வருபவர் தெரிகிறார், பக்கத்தில் நிற்பவர் தெரிவதில்லை. நெரிபட்ட நரம்பு மயங்கிக் கிடக்கிறதா, மடிந்தே விட்டதா என்பதுதான் விஷயம்.

இதற்கு ஓ.சி.டி. ஸ்கேன் துணை. மோவாயைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் குறியைப் பார்த்தால் போதும். அந்த நரம்பின் இழைகள் தொடங்கும் விழித்திரை நரம்பிழைப் படலத்தின் கனத்தை அளந்துவிடும்; நரம்பு மடிந்தால் படலம் மெலியும். நல்ல கண்ணில் அது சராசரியாக 100 மைக்ரான், அதாவது ஒரு தாளின் கனம். படலம் மெலியாதவர்களுக்கு அறுவைக்குப் பின் பார்வை நன்கு திரும்புகிறது என்று நியூசிலாந்தின் ஹெலன் டேனிஷ்-மேயர் குழு 2008இல் காட்டியது. மெலிந்திருந்தால் நம்பிக்கை குறையும், அற்றுப்போகாது.

சிலருக்கு ஓரிரு நாளிலேயே தெளியும். மீதி மாதக்கணக்கில் வரும். கட்டி புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் வகை என்றால் மாத்திரையிலேயே சுருங்கலாம், டாக்டரிடம் கேளுங்கள். எதுவானாலும் நாள் கடத்தாதீர்கள். நல்ல நாள் பார்ப்பதற்குள் நரம்பு மெலிந்துவிடும்.

அதுவரை அப்பாவின் மோட்டார் சாவியை ஒளித்து வையுங்கள். திட்டுவார். திட்டட்டும், காது நன்றாகத்தானே கேட்கிறது உங்களுக்கு!