ஹீட்டர் பிளக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் இருப்பது எப்படி?

டீசல் கார் வைத்திருக்கிறீர்கள். வீடு மதுரையில். டிசம்பர் லீவுக்கு ஊட்டி வந்திருக்கிறீர்கள். காலை ஆறரை மணி, லாட்ஜ் வாசல், கார் ஸ்டார்ட் ஆகவில்லை. வாழ்த்துகள்! கீழே சொல்கிறபடி செய்தால் இந்தக் கோளாறை அடுத்த டிசம்பர் வரை பத்திரமாகக் காப்பாற்றலாம்.

1. ஏற்பாட்டை மதுரையிலேயே தொடங்குங்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்தச் சூட்டுக்குக் கைகொடுப்பதுதான் ஹீட்டர் பிளக். மதுரை வெயிலில் அது நாலில் மூன்று செத்திருந்தாலும் இந்தக் காலத்து எஞ்சின் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடும். 2,200 மீட்டர் உயரத்தில், காற்றும் குளிர்ந்து மெலிந்து கிடக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே சர்வீஸில் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகையும் நடுக்கமும் வந்தால், "டீசல் வண்டின்னா அப்படித்தான்" என்று மனைவியிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள்.

2. டேஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கை முழுதாக நம்புங்கள். பல கார்களில் அது கம்ப்யூட்டர் போடும் நேரக்கணக்கு மட்டுமே. பிளக் நுனி உண்மையில் சுட்டதா என்பது அதற்குத் தெரியாது. அது அணையும்வரை காத்திருக்கும் பழக்கம்தான் உங்களுக்கு இல்லையே, அதனால் பெரிய நஷ்டமில்லை.

3. செல்ஃப் அடியுங்கள். விடாதீர்கள். சத்தம் கம்மிப் போய், கடைசியில் "டிக்" என்று மட்டும் வரும்வரை அடியுங்கள். இப்போது கோளாறு ஒன்றல்ல, இரண்டு. வாட்ச்மேன், பக்கத்து அறைக்காரர், டீக்கடைக்காரர் மூவரும் ஒரே குரலில் "பேட்டரிதான் சார்" என்பார்கள். புதிய பேட்டரி வாங்குங்கள்.

4. யாராவது ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே கொண்டுவருவார். வாங்கி அடியுங்கள், அதுவும் சாவி ஆனில் இருக்கும்போது. அதில் இருக்கும் ஈத்தர் 160 டிகிரி வாக்கில் தானாகவே பற்றிக்கொள்ளும். உயிரோடு இருக்கிற ஒற்றைப் பிளக்கின் நுனியோ 800 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குள் வெடித்து, அதை வந்த வழியே அனுப்பிவைக்கும். பிஸ்டன், கனெக்டிங் ராடு என்று பில் நீளும்போது ஹீட்டர் பிளக் விலை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

5. அளக்காதீர்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி வெற்றி. நல்ல பிளக் மீட்டரில் ஏறக்குறைய ஒரு ஓம் காட்டும். உள்ளே அறுந்தது எதுவுமே காட்டாது. ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். இதற்கா ஊட்டி வந்தோம்?

அளந்தே தீருவேன் என்றால் தப்பாக அளங்கள். நாலு பிளக்கையும் சேர்க்கும் பட்டை இருந்தால் அதைக் கழற்றாமல் மீட்டரை வையுங்கள். செத்த பிளக்குக்குப் பக்கத்துப் பிளக் ஆஜராகிக் கணக்குச் சொல்லிவிடும், பள்ளிக்கூடத்தில் நண்பன் உங்களுக்கு "உள்ளேன் ஐயா" சொன்ன மாதிரி. கரண்ட் எவ்வளவு போகிறது என்று பார்க்க ஆசையா? மல்டிமீட்டரையே குறுக்கே மாட்டுங்கள். அது தாங்குவது 10 ஆம்பியர். குளிர்ந்த பிளக் தொடக்கத்தில் அதைத் தாண்டி இழுக்கும். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும், பிளக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதற்கென்றே கிளாம்ப் மீட்டர் விற்கிறார்கள் என்பதைக் காதில் வாங்காதீர்கள்.

இன்னொரு நல்ல வழி, பிளக்கைக் கழற்றி நேரே பேட்டரியில் வைத்து நுனி சிவக்கிறதா என்று பார்ப்பது. பழைய 12 வோல்ட் பிளக் இதைத் தாங்கும். புதிய கார்களில் 5, 7 வோல்ட்டுக்குச் செய்தவையும் உண்டு. அவை மற்ற எதையும்விட அழகாகச் சிவக்கும், ஒரே ஒரு தடவை.

6. ஸ்கேனர் வைத்திருப்பவரைப் பிடியுங்கள். பி0673 என்று கோட் வந்தால் மூன்றாவது சிலிண்டர் பிளக்கை மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கோட், பிளக்கோடு அதற்குப் போகும் ஒயரையும் கனெக்டரையும் சேர்த்தே சந்தேகிக்கிறது. நீங்கள் சந்தேகிக்காதீர்கள்.

7. பிளக்கைக் குளிர்ந்த எஞ்சினிலேயே கழற்றுங்கள். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுவது, எஞ்சினைச் சூடாக்கிப் பதமாகத் திருகுவது எல்லாம் பொறுமைசாலிகளின் வேலை. நீளமான ஸ்பானர், முழு பலம். பாதிப் பிளக் கையோடு வரும். மீதியை எடுக்க ஹெட் இறங்க வேண்டும்; ஹெட் லேத்துக்குப் போகும்; நீங்கள் பஸ்ஸில் மதுரை போவீர்கள்.

8. ஹெட் ஏறிவிட்டது. நாலு பிளக்கும் புதுசு. இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பிரமாதம், அப்படியென்றால் பழைய நாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். நாலு பிளக் ஒரே ராத்திரியில் கூட்டாகச் சாவதில்லை. நாலுக்கும் பொதுவானது ஏதோ போயிருக்க வேண்டும். பெரிய ஃபியூஸ், ரிலே, பச்சை பூத்த ஒயர் முனை. அல்லது எஞ்சின் கொதிக்கிறது என்று பொய் சொல்லும் டெம்பரேச்சர் சென்சார். அதை நம்பி கம்ப்யூட்டர் பிளக்குகளுக்குக் கரண்டே அனுப்பாது. முதலில் பத்து நிமிடம் இவற்றைப் பார்ப்பவர்களும் உலகில் உண்டு. நீங்கள் விலை அதிகமானதிலிருந்து தொடங்கி ஃபியூஸில் வந்து முடியுங்கள்.

9. அலுத்துவிட்டால் விற்றுவிடுங்கள். வாங்க வருபவரை மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மதுரைக்கே வரச் சொல்லுங்கள். அவர் வருமுன் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வைத்துவிடுங்கள். அவருக்குச் சொந்த ஊர் குன்னூரா என்று மட்டும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.