பேசில் வளர்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

முதலில் விதை. படம் போட்ட பாக்கெட்டையே வாங்குங்கள். பத்து இருபது விதைக்கு அவ்வளவு விலையா என்று கேட்காதீர்கள். அது நம்மூர்த் திருநீற்றுப்பச்சையின் இனம்தான், சப்ஜா என்று நாட்டு மருந்துக் கடையில் அள்ளிப் போடுகிறார்களே, அது இதன் விதைதான் என்று வாங்கும் வரை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வாங்கி வந்த பிறகு வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

விதையை ஆழமாகப் புதைக்கக் கூடாது. மேலாகத் தூவி, லேசாக மண் தூவினால் போதும். ஈரம் பட்டதும் ஒவ்வொரு விதையும் வழவழவென்று ஒரு கண்ணாடிச் சட்டை போட்டுக்கொள்ளும். அழுகிவிட்டதோ என்று கிளறிப் பார்க்காதீர்கள். பார்ப்பீர்கள், தெரியும், அதனால் கொஞ்சம் அதிகமாகவே தூவுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கட்டும். தினமும் 6 மணி நேரம் வெயில் வேண்டும். கத்திரி வெயிலில் மட்டும் மத்தியானத்துக்குப் பச்சை வலை.

செடி அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால் அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். பேசில் வளர்ப்பில் உள்ள மொத்த ரகசியமும் இதுதான்: கிள்ளக் கிள்ளத்தான் தழைக்கும். விட்டுவைத்தால் பூத்துவிடும், பூத்தால் இலை சிறுத்துக் கசக்கத் தொடங்கும்.

சரியாக இந்தக் கட்டத்தில்தான் மாமியார் அதைத் துளசி என்று அடையாளம் காண்பார். காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி விளிம்பில் மஞ்சள், மூன்று குங்குமப் பொட்டு, கீழே சின்னதாய் ஓர் இழைக்கோலம். நீங்கள் கத்தரிக்கோலோடு நிற்பீர்கள்.

“ஏம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா அதைக் கிள்ளுறே?”

“அத்தை, இது துளசி இல்ல. பீட்சாவுக்குப் போடுறது.”

“எதுக்குப் போட்டா என்ன? துளசிக்குச் சொந்தம்தானே!”

இங்கே வாதாட வேண்டாம். தாவரவியல் அவர் பக்கம் இருக்கிறது. இரண்டும் ஒரே பேரினம். துளசியில் கிராம்புக் காரமும் இதில் சோம்பின் சாயலும் வரும் என்று முகர்ந்து காட்டினால், அந்த இலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கிள்ளுவதற்கு என்று வேறொரு தொட்டி வைப்பதே விவேகம். அவருடையது பூக்கட்டும். கதிர் காய்ந்ததும் உள்ளங்கையில் கசக்கி ஊதினால் கரும்பொட்டாக விதை நிற்கும். கால் மணி நேரம் ஊறவைத்து நன்னாரி சர்பத்தில் போட்டுக் கொடுங்கள். அதற்கு ஆட்சேபணை வராது.

உலர்த்துவது எளிது என்பார்கள். பூக்குமுன், காலையில் பனி ஈரம் வற்றியதும் வெட்டி, கொத்தாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் கறுத்துவிடும். ஃபிரிட்ஜில் பச்சையாக வைத்தாலும் கறுக்கும். கடலோரப் புழுக்கத்தில் கொத்து நடுவே பூஞ்சை பிடிக்கும். ஆகவே செய்தித்தாளில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். நொறுங்கும் பதம் வந்த அன்று யாராவது விசிறியை ஐந்தில் வைப்பார்கள். சோபாவுக்கு அடியிலிருந்து பொறுக்கியதை இலையாகவே பாட்டிலில் அடையுங்கள், சமைக்கும்போது கசக்கினால் போதும். பச்சை இலையில் மூன்றில் ஒரு பங்கு அளவு. மணம்? பாதிக்கு மேல் விசிறியோடு போயிருக்கும்.

பச்சை இலைக்குப் பெஸ்டோவே கதி. ஜெனோவாக்காரர்கள் பளிங்கு உரலில் பைன் பருப்பு, பூண்டு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெயோடு இடிக்கிறார்கள். பைன் பருப்பின் விலையைப் பார்த்துவிட்டு நீங்கள் முந்திரி போடுவீர்கள். மிக்ஸி சூட்டில் நிறம் மங்கும். ஜாரை முன்பே குளிரவைத்து, விட்டுவிட்டு அரையுங்கள். சாப்பாட்டு மேசையில் வைத்ததும், “புதினாத் துவையல்ல புளி வைக்க மறந்துட்டியே” என்பார் மாமனார்.

உலர்ந்த பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் அது கஸூரி மேத்திக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, விருந்தாளி வந்த நாளில் பனீர் மசாலாவில் விழும். விழுந்தால் வாயைத் திறக்காதீர்கள். யாராவது செய்முறை கேட்டால் மட்டும், அத்தையைக் கேட்கச் சொல்லுங்கள்.