கடுக்காய்க்கு ஒரு வடிவம் போதுமா?

கேள்வி: கல்வராயன் மலைக் கடுக்காயின் மருந்துப் பொருளைக் கணினிக்குப் புரியவைக்க, தாளில் வரைந்த கட்டமைப்பே போதாதா? முப்பரிமாணக் கணக்கு எதற்கு? (வாசகர், கள்ளக்குறிச்சி)

பதில்: போதாது. குயினினுக்கும் குயினிடினுக்கும் அணுக்கள் ஒன்று, பிணைப்பு வரிசையும் ஒன்று. சில அணுக்கள் வெளியில் திரும்பியிருக்கும் திசைதான் வேறு. ஆனாலும் முன்னது மலேரியா மருந்து, பின்னது இதயத்துடிப்புக் கோளாறுக்கான மருந்து! கணினிக்கு மூலக்கூறை விவரிக்கும் எண்கள் திசையைப் பார்க்காவிட்டால், இரண்டையும் ஒரே பட்டியில் அடைத்துவிடும். தாளில் வரைந்த கட்டமைப்பிலிருந்து எடுக்கும் இருபரிமாண எண்களே பல கணிப்புகளில் சளைக்காமல் நிற்கின்றனவே என்று கேட்கலாம். நியாயம்தான், ஏனெனில் முப்பரிமாண எண்ணின் தரம், நாம் தரும் வடிவத்தின் தரத்தைத் தாண்டாது. கடுக்காயின் செபுலினிக் அமிலத்தையே பாருங்கள்: மூலக்கூறு எடை சுமார் 956, நடுவில் குளுக்கோஸ், அதில் மூன்று காலிக் அமிலக் கிளைகளோடு ஒரு செபுலிக் அமிலத் துண்டு. கிளைகள் சுழலச் சுழல மேற்பரப்பும் சுழற்சி ஆரமும் மாறும். சென்னை கணித அறிவியல் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட இம்பாட் தொகுப்பு, 9,500-க்கும் மேற்பட்ட இந்திய மூலிகை வேதிப்பொருள்களுக்கு முப்பரிமாண வடிவம் தந்தது, அருமையான தொடக்கம். ஆனால் கடுக்காய்க்கு ஒரு வடிவத்தோடு நிற்காமல், ஆற்றல் குறைந்த பல வடிவங்களைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய எடை கொடுத்துச் சராசரி எடுத்தே கணினிக்குக் கற்பிக்க வேண்டும். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்!